சம்பளத்தை எப்ப கேக்கறது? – தேவனாம்பட்டினம் கோட்டைக் கதை

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, வளர்பிறை முகூர்த்தம். எங்க ஊர்ல முகூர்த்த நாள்னா எப்படி இருக்கும்னு கடலூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். மத்தவங்களுக்கு மட்டும்: திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிர்ல ஔஷதகிரின்னு ஒரு சின்ன மலை. மேல ஹயக்ரீவர், கீழ கெடிலம் ஆறு. அந்த மலையில ஒரே காலையில வரிசையா கல்யாணம் நடக்கும். ஒரு செட்டு மாலை மாத்திட்டு இறங்கறதுக்குள்ள அடுத்த செட்டு படி ஏறும். எந்த நாயனம் யாரோட கல்யாணத்துக்குன்னு மாப்பிள்ளைக்கே தெரியாது.

அந்தச் சத்தத்துக்கு நடுவுலதான் போன் வந்துச்சு. சென்னையில ஒரு கம்பெனி எச்.ஆர். பேரைச் சொன்னாங்க, ஒரு நிமிஷம் பேசலாமான்னாங்க, சரின்னேன். உடனே, "கரன்ட் சி.டி.சி. எவ்வளவு? எக்ஸ்பெக்டட் எவ்வளவு?"

என்ன வேலை, எந்த டீம், எந்த ஊர், ஒண்ணும் சொல்லல. அதுக்குள்ள நம்பர். "மேடம், கல்யாணத்துல இருக்கேன், திங்கக்கிழமை கூப்பிடறேன்"னு வெச்சுட்டேன்.

பயம்தான் காரணம். 2022-ல இதே கேள்விக்கு நான் ஒரு தடவை சூடு பட்டிருக்கேன். காலேஜ் முடிச்சு கேம்பஸ்ல சேர்ந்த முதல் கம்பெனியில வருஷத்துக்கு மூணரை லட்சம்கூட இல்ல. ரெண்டாவது கம்பெனி இன்டர்வியூவுல, முதல் போன்லயே, "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?"ன்னு கேட்டாங்க. நான் பெரிய தில்லோட "அஞ்சு"ன்னேன். அந்தப் பக்கம் ஒரு செகண்ட்கூட யோசிக்கல, "ஓக்கே, டன்". அந்த வேகத்துலயே எனக்குப் புரிஞ்சிருக்கணும். சேர்ந்து ஆறு மாசம் கழிச்சு தெரிஞ்சுது, பக்கத்து சீட்டுக்காரன், அதே எக்ஸ்பீரியன்ஸ், அதே வேலை, எட்டு வாங்கறான். அவனும் என்னைப் போல பயந்தவன்தான், ஆனா நம்பர் சொல்லாம "உங்க பட்ஜெட் என்ன?"ன்னு கேட்டுட்டான். அவ்வளவுதான் வித்தியாசம். கேள்வியைத் திருப்பிப் போட்டதுக்கு வருஷத்துக்கு மூணு லட்சம்!

இதை அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். அவர் ஒரு ஆலையில கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவர். "நீ கேட்டதே தப்புடா. அந்தக் காலத்துல எவன் சம்பளம் கேட்டுட்டு வேலைக்குப் போனான்? வேலை குடுத்தாங்கன்னா கும்பிட்டு வாங்கிக்கிட்டோம். முதல் மாசக் கவரைப் பிரிச்சாத்தான் எவ்வளவுன்னே தெரியும்."

அப்பா, மாப்பிள்ளை பாக்க வர்றவங்க மட்டும் பேருக்கு முன்னாடி சம்பளம் கேக்கறாங்களேன்னேன். "அது வேற"ன்னுட்டார். :-)

ஆனா "அந்தக் காலத்துல"ங்கற வார்த்தை மண்டையில உக்காந்துக்கிச்சு. எந்தக் காலத்துல?

எங்க ஊர்க் கோயில்லயே புகழ்பெற்ற கல்வெட்டு ஒண்ணு இருக்கு. மூன்றாம் ராஜராஜனைக் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்துல சிறை வெச்சதும், ஹொய்சள நரசிம்மனோட தளபதிகள் வந்து மீட்டதும் அதுலதான் விவரமா இருக்கு. பதிமூணாம் நூற்றாண்டு. ராஜாவே உள்ள இருந்த கதை, அதுல சம்பளப் பேச்சு இல்ல. ஆனா சோழர் கல்வெட்டுகள்ல சம்பளம் நிறையவே இருக்கு. வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டை எடுத்துக்குங்க. பாலாறு, செய்யாறு, வேகவதி கூடற இடத்துல இருக்கற பெருமாள் கோயில். அங்க பதினைந்து படுக்கையோட ஒரு ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்திருக்கு. மருத்துவருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை வைத்தியம் செய்யறவருக்கு 30 கலம் நெல். மூலிகை கொண்டு வர்ற ரெண்டு பேருக்கு 60 கலமும் 2 காசும். நோயாளிகளைப் பார்த்துக்கற பெண்கள் ரெண்டு பேருக்கு 30 கலமும் 1 காசும். நாவிதருக்கு 15 கலம். மருத்துவர் பேரு மட்டும் கல்லுல இருக்கு. மத்தவங்களுக்குப் பேரே கிடையாது, வேலையும் சம்பளமும்தான்.

தஞ்சாவூர் பெரிய கோயில்லயும் இதே மாதிரி. ராஜராஜன் கொண்டு வந்து குடியேத்தின 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குன்னா வருஷத்துக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்யறவங்களுக்கு ரெண்டு பங்கு. ஒருத்தர் இறந்துட்டாலோ வேற தேசம் போயிட்டாலோ அவரோட உறவுக்காரர் அந்தப் பங்கை வாங்கிக்கிட்டு வேலை செய்யணும், அவருக்குத் தகுதி இல்லன்னா தகுதியான ஆளைப் போட்டுக்கணும்னு வரைக்கும் எழுதி வெச்சிருக்காங்க. இந்த ஏற்பாட்டுல "உங்க எதிர்பார்ப்பு என்ன?"ங்கற கேள்விக்கே இடமில்ல. நம்பர் சீட்டுக்கு. ஆளுக்கு இல்ல. வர்றவன் போறவன் எல்லாரும் படிக்கற மாதிரி செவுத்துல வெட்டியாச்சு. (ஆஹா பொற்காலம்னு நான் சொல்ல வரல. அந்த நெல்லை விளைவிச்சவங்களுக்கு எத்தனை கலம் மிஞ்சிச்சுன்னு அந்தப் பட்டியல்ல பாத்தா கிடைக்காது.)

சரி, மேட்டருக்கு வர்றேன். மறுநாள் சனிக்கிழமை, அப்பாவை பைக்ல ஏத்திக்கிட்டு தேவனாம்பட்டினம் போனேன். எங்க ஊர்ல ஓடற அதே கெடிலம் போய்க் கடல்ல சேர்ற இடம். எல்லாரும் சில்வர் பீச்சுக்குப் போவாங்க, பக்கத்துல இருக்கற செயின்ட் டேவிட் கோட்டையை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. பாக்கறதுக்கு அங்க பெருசா எதுவும் மிச்சமில்லங்கறதும் உண்மைதான். 1758 ஜூன் 2-ஆம் தேதி பிரெஞ்சுத் தளபதி லாலிகிட்ட கோட்டை விழுந்துச்சு, அவங்க இடிச்சுத் தள்ளிட்டாங்க. ஆனா 1746-ல இருந்து 1752 வரைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியோட தென்னிந்தியத் தலைமையிடம் சென்னை கிடையாது, இந்த இடம்தான்.

கோட்டை வாங்கின கதையே ஒரு நல்ல பேரம். 1690-ல செஞ்சியில இருந்த மராட்டியர்கள்கிட்ட இருந்து கம்பெனி வாங்கினது. அப்ப சென்னை கவர்னர் எலிஹு யேல். ஒப்பந்தம் என்னன்னா, கோட்டையில இருந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ, அது வரைக்கும் இருக்கற நிலம் கம்பெனிக்கு. யேல் சும்மா இருப்பாரா? சென்னையில இருந்து நல்ல பீரங்கியா பாத்து, கைதேர்ந்த ஆளோட அனுப்பி வெச்சார். சுத்துப்பட்ட கிராமங்கள் எல்லாம் உள்ள வந்துச்சு, கடலூர் உட்பட. அதுகளுக்குக் குண்டு கிராமங்கள்னே பேர் வந்துடுச்சு. விலையை முதல்ல பேசி முடிச்சுட்டு, வேலையோட அளவை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு இதைவிட உதாரணம் வேணுமா? ஆபர் லெட்டர்ல கையெழுத்து போட்டப்புறம் "வீக்கெண்ட் சப்போர்ட்டும் உண்டு"ன்னு சொல்ற மேனேஜர் கையில இருக்கறது அதே பீரங்கிதான்.

இந்தக் கோட்டையில வேலை பார்த்தவங்களோட சம்பளம்தான் எனக்கு ரொம்ப சுவாரஸ்யமா இருந்துச்சு. கம்பெனி வேலைக்கு லண்டன்ல மனு போடணும். 'எழுத்தர்' வேலைதான் கடைசிப் படி. ராபர்ட் கிளைவ் 1742 டிசம்பர்ல, பதினேழு வயசுல, மனு போட்டார். இந்த மனுக்களுக்கு ஒரு மாறாத வடிவம் உண்டு: எழுத்தும் கணக்கும் படிச்சிருக்கேன், விசுவாசமா உழைப்பேன், நீங்க கேக்கற ஜாமீனைக் குடுப்பேன். அவ்வளவுதான். சம்பளம்னு ஒரு வார்த்தை கிடையாது. அப்பாவோட "அந்தக் காலம்" இங்கதான் இருக்கு!

கேக்காததுக்குக் காரணம், அது எல்லாருக்கும் தெரியும். எழுத்தருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு. அஞ்சு வருஷம் கழிச்சு ஃபேக்டர் ஆனா 15. இன்னும் மூணு வருஷத்துல ஜூனியர் மெர்ச்சன்ட், 30. அப்புறம் சீனியர் மெர்ச்சன்ட், 40. பேரமே இல்ல, அப்ரைசல் இல்ல, பெல் கர்வ் இல்ல. ஒரு வராகன் ஏறக்குறைய 8 ஷில்லிங்னு வெச்சா 5 பவுண்டுக்குப் பன்னிரண்டரை வராகன், மாசத்துக்கு ஒண்ணு சொச்சம். தங்க இடமும் சாப்பாடும் தனி. ஆனா ஜாமீன் 500 பவுண்டு. நூறு வருஷ சம்பளத்துக்கு பாண்ட்! நம்ம ஊர் கேம்பஸ் பாண்டை நெனச்சு அழுதவங்க கண்ணைத் தொடச்சுக்குங்க.

அப்புறம் ஏன் ஆறு மாசம், ஒரு வருஷம்னு கப்பல்ல வந்து, பாதிப் பேர் காய்ச்சல்ல சாகற ஊருக்கு இத்தனை பேர் வந்தாங்க? கிளைவே 1743 மார்ச்ல கிளம்பி 1744 ஜூன்லதான் சென்னை வந்து சேர்ந்தார். விஷயம் என்னன்னா, அந்த 5 பவுண்டு சம்பளமே இல்ல. ஆசியத் துறைமுகங்களுக்குள்ள சொந்த வியாபாரம் செஞ்சுக்கலாம்ங்கற அனுமதிதான் சம்பளம். யேல் 1672-ல எழுத்தரா சென்னைக்கு வந்தவர், கவர்னர் ஆனவர், சொந்த வியாபாரத்துல அத்துமீறினார்னு புகார் வந்து 1692-ல பதவி போனவர். ஆனாலும் பெரும் பணக்காரராத்தான் லண்டன் திரும்பினார். 1718-ல அமெரிக்காவுல ஒரு சின்னக் கல்லூரிக்கு அவர் அனுப்பின சாமான்களை வித்ததுல 562 பவுண்டு கிடைச்சு, அந்தக் கல்லூரிக்கு அவர் பேரை வெச்சாங்க. அதுதான் யேல் பல்கலைக்கழகம்.

ஆக, முதல்லயே பளிச்சுன்னு சொல்லப்பட்ட நம்பர் ஒண்ணு. எப்பவுமே பேசப்படாத நம்பர் இன்னொண்ணு. சி.டி.சி. லெட்டரைப் பாத்தவங்களுக்கு இது புதுசா இருக்காது, நமக்குத் தலைகீழா நடக்குதுங்கறது மட்டும்தான் வித்தியாசம். அவங்க லெட்டர்ல இருந்ததைவிட நிறைய எடுத்துட்டுப் போனாங்க. நமக்கு வேரியபிள் பே, கிராஜுவிட்டி, கம்பெனி பங்கு பி.எஃப்., இன்ஷூரன்ஸ் பிரீமியம் எல்லாம் சேர்த்துக் காட்டிட்டு, கையில வர்றது குறைவு.

அந்தப் பேசப்படாத நம்பர் எங்க இருந்து வந்துச்சு? கடலூர் சுத்துவட்டார நெசவாளர்கிட்ட இருந்தும்தான். அவங்களுக்கு நடந்த சம்பளப் பேச்சு இன்னும் மோசம். வியாபாரி மூலமா முன்பணம் முதல்ல வந்துடும். அதை வாங்கிட்டா கை கட்டின மாதிரி. துணி நெய்து கிடங்குக்குப் போனப்புறம் தரம் பிரிப்பாங்க: இது முதல் தரம், இது ரெண்டாம் தரம், இது வேண்டாம். தரத்துக்கு ஏத்த மாதிரி விலையைக் குறைப்பாங்க. வேலையெல்லாம் முடிஞ்ச பிறகு சம்பளம் பேசறது! "ஜாயின் பண்ணுங்க, ஆறு மாசத்துல ரிவ்யூ பண்றோம்"னு சொன்ன ஒருத்தரை எனக்குத் தெரியும், அவர் இதைப் படிக்க மாட்டார்னு நம்பறேன்.

இப்ப ரெண்டு பேர் கதை. இதைக் கோட்டைப் பக்கத்துல உக்காந்து அப்பாகிட்ட சொன்னேன், அவர் சுண்டலை விட்டுட்டுக் கேட்டார்.

முதல் ஆள் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ். இங்கிலாந்து ராணுவத்துல இருந்தவர், அனுபவஸ்தர். 1748 ஜனவரியில இதே கோட்டையில வந்து இறங்கி, இங்க இருந்த படையை ஒழுங்கா ஒரு ராணுவமா ஆக்கினார். இந்திய ராணுவத்தின் தந்தைன்னு அவரைத்தான் சொல்வாங்க. ரெண்டாவது ஆள் கிளைவ். 1746-ல பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சப்ப மாறுவேஷத்துல தப்பிச்சு இங்க வந்தார். 1747-ல படையில என்சைன் ஆனார். சண்டை ஓஞ்சதும் மறுபடி சிவில் வேலை. 1749-ல கோட்டையில ஸ்டூவர்ட், அதோட ஐரோப்பியப் படைக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்கித் தர்ற பொறுப்பு. அந்தக் கொள்முதல்ல கமிஷன் உண்டு.

1750-ல லாரன்ஸுக்கும் கம்பெனிக்கும் சம்பளம், படி விஷயத்துல தகராறு. அவர் மனசுல இருந்ததைச் சொன்னார், கம்பெனி ஒத்துக்கல. ராஜினாமா பண்ணிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிட்டார். பிரெஞ்சுக்காரங்களோட அடுத்த சண்டை தலைக்கு மேல இருக்கற நேரம், தளபதி இல்ல. 1751-ல கிளைவ் கோட்டைக்காரங்ககிட்ட போய், எனக்கு கேப்டன் பதவி குடுங்க, சம்பளம் வேண்டாம்னார். கம்பெனிக்கு இதைவிட என்ன வேணும்? உடனே குடுத்துட்டாங்க. அந்த வருஷக் கடைசியிலதான் ஆற்காட்டு முற்றுகை. ஐம்பது நாள் தாக்குப் பிடிச்சு உலகப் புகழ்.

"பாத்தியா, சம்பளம் கேக்காதவன்தான் மேல போனான்"னு அப்பா குதிச்சார்.

இங்கதான் நான் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்துச்சு. கிளைவுக்கு இன்னொரு பாக்கெட் இருந்துச்சுப்பா. படை எவ்வளவுக்கு எவ்வளவு சாப்பிடுதோ அவ்வளவுக்கு அவருக்குக் கமிஷன். 1753-ல ஊருக்குத் திரும்பறப்ப சுமார் 40,000 பவுண்டு சேர்த்துட்டார்னு சொல்றாங்க. எழுத்தர் சம்பளத்துல சேர்க்கணும்னா எட்டாயிரம் வருஷம் ஆகும். அந்த மாதிரி ஆள் கேப்டன் சம்பளம் வேண்டாம்னு சொல்றது தியாகமா? லாரன்ஸுக்கு இருந்தது சம்பளம் ஒண்ணுதான். அவர் கேட்காம என்ன செய்வார்?

அதோட லாரன்ஸ் தோத்தும் போகல. 1752-ல தலைமைத் தளபதியா, ஒத்துக்கிட்ட சம்பளத்தோட, இதே தேவனாம்பட்டினத்துல வந்து இறங்கினார். ஆற்காட்டு வீரன் கிளைவ் அவருக்குக் கீழதான் திருச்சி சண்டைக்குப் போனார். கிளைவைப் பத்தி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, ஆனா ஒண்ணு சொல்லணும். லண்டன்ல கம்பெனி அவருக்கு 500 பவுண்டு மதிப்புல வைரம் பதிச்ச வாள் குடுத்தப்ப, லாரன்ஸுக்கும் குடுத்தாத்தான் வாங்குவேன்னு சொல்லிட்டார். குடுத்தாங்க.

இந்த அஞ்சு பவுண்டு நாடகம் முடிய இன்னும் நாப்பது வருஷம் ஆச்சு. கார்ன்வாலிஸ் காலத்துல சம்பளத்தை நிஜமாவே உயர்த்திட்டு, அதிகாரிங்களோட சொந்த வியாபாரத்தை அடைச்சாங்க. 1793 சாசனச் சட்டத்துல ஒரு அட்டவணையே வந்துடுச்சு: 500 பவுண்டுக்கு மேல வர்ற பதவிக்கு மூணு வருஷ சர்வீஸ், 1,500-க்கு மேலன்னா ஆறு, 3,000-க்கு மேலன்னா ஒன்பது, 4,000-க்கு மேலன்னா பன்னிரண்டு. நம்ம வேலை விளம்பரத்துல வர்ற "3–6 வருஷ அனுபவம்" பழைய சரக்குதான். ஆனா அதுல ஒரு நேர்மை இருக்கு, வருஷத்துக்கு எதிர்ல பணத்தையும் போட்டிருக்கான். நம்மாளுங்க வருஷத்தைப் போட்டுட்டு, பணத்துக்கு நேரா "மார்க்கெட்டில் சிறந்தது"ன்னு எழுதிடறாங்க.

இருட்டிடுச்சு, கிளம்பினோம். பைக்ல பின்னாடி உக்காந்துக்கிட்டு அப்பா ரொம்ப நேரம் பேசல. மஞ்சக்குப்பம் தாண்டினப்புறம் கேட்டார். "அந்த லாரன்ஸ், கடைசியில காசு சேத்தானா?"

கிளைவ் அளவுக்கு இல்லப்பா. பிளாசிக்கு அப்புறம் கிளைவ் மீர் ஜாபர்கிட்ட வாங்கினது 2,34,000 பவுண்டு. அதுல இருந்து லாரன்ஸுக்கு வருஷம் 500 பவுண்டு உதவித்தொகை ஏற்பாடு பண்ணார்.

"ஓ"ன்னார். வீடு வர்ற வரைக்கும் அவ்வளவுதான்.

திங்கக்கிழமை காலையில அந்த எச்.ஆர். மேடத்தைக் கூப்பிட்டேன். அப்பா பேப்பர் படிக்கற மாதிரி பக்கத்துல உக்காந்திருந்தார். "எக்ஸ்பெக்டட்?"ன்னாங்க. தொண்டையைச் செருமிக்கிட்டு, "மேடம், இந்தப் பொசிஷனுக்கு நீங்க எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க? அதுல வேரியபிள் எவ்வளவு?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "செக் பண்ணிட்டுச் சொல்றேன்"னாங்க.

இன்னியோட பதினோரு நாள் ஆச்சு. அப்பா தினமும் சாயங்காலம் போன் பண்ணி, "அவங்க கூப்பிட்டாங்களா?"ன்னு கேக்கறார்.